பெரட்டுக்கும் குண்டுக்கும் ஒரே மணி

பதுங்குகுழியில் என் கையை உதறிவிட்டுப் போன அம்மா,

போன ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் நம் ரப்பர் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் கூடினோம். தோட்டத்தை விற்றுவிட்டார்கள். கோவிலை மட்டும் வேறு இடத்தில் கட்டப் போகிறோம். அதற்குத்தான் கூட்டம். காலைப் பெரட்டில் நம்மை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பிய பழைய ஆபீஸ் கிராணியும் வந்திருந்தார். மைக்கைப் பிடித்தார்.

"அப்ப நம்ம சனங்களுக்கு ஏதுலா அறிவு? ஜப்பான்காரன் குண்டு போடுறான், இவங்க பெரட்டுக்கு வரிசையா நிக்கிறாங்க!"

மண்டபமே சிரித்தது அம்மா. அந்த வரிசையில் முதலில் நின்றவள் நீ.

வெள்ளைக்காரத் துரை காரில் சிங்கப்பூருக்கு ஓடிய மறுநாள், விமானம் வந்தாலும் பெரட்டு மணியையே அடிப்போம் என்றார் கிராணி. அப்பா கைகட்டி நின்று கேட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"ரெண்டுக்கும் ஒரே மணின்னா எப்படிங்க தெரியும்? வேற தகரத்தையாவது தட்டச் சொல்லுங்க கிராணியாரே."

"ஒனக்குத் தனி மேளம் வேணுமோ? கல்யாணமா நடக்குது இங்க?"

முதலில் வந்த விமானங்கள் ஈப்போ பக்கம் போய்விட்டன. நாம் லயத்து வீடுகளுக்குப் பின்னால் குழியில் இருந்தோம். தம்பி உன் மடியில். சத்தம் அடங்கியது. அப்புறம் மணி அடித்தது.

"பெரட்டு மணிடி. போகலன்னா பேர வெட்டிருவான். தம்பியப் புடி."

அவ்வளவுதான் நீ பேசியது. என் கையை உதறிவிட்டுத் திடலுக்கு ஓடினாய். அடுத்த விமானங்கள் வருகின்றன என்பதற்காக அடித்த மணி அது. திடலில் நாற்பது பேர் வரிசையாக நின்றீர்கள். மேலே விமானத்தில் இருந்தவனுக்கு அது பட்டாள வரிசையாகத்தானே தெரிந்திருக்கும்? குண்டைப் போட்டுவிட்டான்.

அன்று மாலையே அப்பா எங்களைக் காட்டுக்குள் இழுத்துப் போனார். மரவள்ளிக் கிழங்கைத் தின்று மாதக்கணக்கில் கிடந்தோம். உன்னைப் புதைத்த இடத்தில் ஒரு கல் நடக்கூட யாருக்கும் நேரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்தேன். மகள் சேலையைப் பிடித்து இழுத்தாள். விடவில்லை.

"கிராணியாரே, அன்னைக்கு மணி அடிக்கச் சொன்னது யாரு?"

"பழைய கதையெல்லாம் இப்ப எதுக்குலா, அஞ்சலை?"

"கதைய ஆரம்பிச்சது நீங்கதானே?"

அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

மணி அடித்தால் ஓடு என்று வருஷக்கணக்கில் பழக்கியவர்கள், ஓடினவளை அறிவில்லாதவள் என்கிறார்கள். இது எந்த ஊர் நியாயம்? நான் ஐந்தாம் வகுப்புதான். என் பேரப்பிள்ளைகள் படித்தவர்கள். அவர்களும் அந்த மண்டபத்தில் இருந்தார்கள், அம்மா. அவர்கள் காதிலும் விழுந்தது.

கிராணியின் பேச்சைக் கோவில் மலரில் அச்சடிக்கப் போகிறார்களாம். அதன் பக்கத்திலேயே இந்தக் கடிதமும் வர வேண்டும் என்று கொடுத்திருக்கிறேன். போடாவிட்டால், கும்பாபிஷேகத்தன்று அத்தனை பேர் முன்னாலும் நானே வாசிப்பேன். மணி அடித்தாலும் நிறுத்த மாட்டேன்.

தம்பியை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும்
உன் மூத்த மகள்,
அஞ்சலை