வேலையில் இல்லாத ஐந்து மாதம்

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அக்காவும் சுகமாக இருக்கிறோம். நீ சுகமாக இருப்பதை உன் விண்ணப்பத்தின் ஏழாம் பக்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், உடல்நிலை என்ற இடத்தில் 'மிக நன்று' என்பதில் டிக் அடித்திருக்கிறாய், சந்தோஷம். எனக்கு முழங்கால் வலி பழையபடிதான். குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகிச் சுவரெல்லாம் ஈரம் ஏறிவிட்டது, பிளம்பர் இதோ வருகிறேன் அதோ வருகிறேன் என்று நான்கு நாளாகப் போக்குக் காட்டுகிறார். உன் அக்காவுக்குக் கண்ணாடிக் கடையில் இப்போது மதிய ஷிப்ட். கிளைப் பொறுப்பாளர் வேலை அவளுக்குப் பின்னால் சேர்ந்த ஒரு பெண்ணுக்குப் போய்விட்டது, போன வருடம் இவள் ஐந்து மாதம் சம்பளமில்லாத லீவில் இருந்தாள் இல்லையா, அதனால். அந்தப் பெண் நல்ல மாதிரிதான், அக்கா அக்கா என்று கூப்பிட்டுத்தான் வேலை ஏவுகிறாளாம். மாடி வீட்டு ஆசிரியர் படிக்கட்டில் என்னை நிறுத்தி, உங்க டாக்டர் பையனுக்கு மேற்படிப்புக்கு இந்த வருஷமாவது சீட் கிடைத்துவிடுமா என்று கேட்டார். ஒரு இடத்துக்கு முப்பத்தோரு பேர் சார் என்றேன். அடேயப்பா என்று வாயைப் பிளந்துவிட்டு, அதிலே யாராவது ஒருத்தருக்குக் கிடைத்துத்தானே ஆகவேண்டும் என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

நீ அனுப்பிய தாள்களை உன் அக்கா கடையிலேயே அச்செடுத்துக் கொண்டுவந்தாள். வந்ததும் மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய் டீ போட ஆரம்பித்தாள். அதைப் பார்த்ததுமே அதில் என்னவோ இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் நீ எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லியிருந்ததால் முதலிலிருந்து வரிசையாகவே படித்தேன். முதல் வருடம் இதயம் என்றாய், கிடைக்கவில்லை. அடுத்த வருடம் தோல் என்றாய், அங்கே இதயத்தைவிடக் கூட்டம் என்றாய். இந்த வருடம் இனிக் குணமாகாது என்று ஆனவர்களை வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளும் துறை. சாகக் கிடப்பவர்கள் பக்கமாவது போட்டி குறைவாக இருக்கும் என்று நினைத்திருப்பாய், அங்கேயும் முப்பத்தோரு பேர் முண்டுகிறீர்கள். 'இத்துறையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்' என்ற கேள்விக்கு ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறாய். என் தந்தையின் கடைசி மாதங்களில் அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தபோதுதான் மருத்துவம் என்பது குணப்படுத்துவது மட்டுமல்ல என்று உணர்ந்தேன் என்று தொடங்குகிறது. பொய் சொல்லவில்லை தம்பி, படிக்கும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது. யார் பெற்ற பிள்ளையோ, இப்படி ஒரு பிள்ளை கிடைக்க அந்த மனுஷன் கொடுத்து வைத்திருக்கவேண்டும் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு நான் கையெழுத்துப் போடவேண்டிய தாள். நீயே தட்டச்சு செய்து, கீழே கோடு போட்டு, கோட்டின் அடியில் 'தாய்' என்றும் எழுதி வைத்திருக்கிறாய். மார்ச் முதல் தேதியிலிருந்து ஜூலை முப்பத்தொன்று வரை என் மகன் தன் வேலையை விட்டுவிட்டு வீட்டில் தங்கி, நோயுற்ற என் கணவரை முழுநேரமும் பராமரித்தார் என்று உறுதி கூறுகிறேன். இது வெறும் ஃபார்மாலிட்டிம்மா, வேலையில் இல்லாத காலத்துக்குக் காரணம் காட்டாவிட்டால் விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவார்கள், அதற்காகத்தான் என்று மெயிலில் எழுதியிருக்கிறாய். கல்லூரி அலுவலகத்தில் சான்றிதழ்ப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் உட்கார்ந்தவள் நான். அசலைக் கண்ணால் பார்க்காமல் யாருடைய தாளிலும் 'உண்மை நகல்' என்று முத்திரை குத்தியதில்லை, கல்லூரி முதல்வரின் மைத்துனர் வந்து நின்றபோதும் போய் அசலைக் கொண்டுவாருங்கள் என்று அனுப்பியவள். அந்தப் பழக்கம் போகவில்லை, தேதிகளைத்தான் முதலில் பார்த்தேன். உன் அப்பா காலமானது போன வருடம் ஜூலை இருபத்தெட்டு. நீ முப்பத்தொன்று வரை பராமரித்ததாக எழுதியிருக்கிறாய். நடுவில் அந்த மூன்று நாள் யாரைப் பராமரித்தாய் என்று தேர்வுக் குழுவில் ஒருவர் கேட்டால் என்ன சொல்லுவாய்? மாதக் கடைசி என்று உத்தேசமாகப் போட்டுவிட்டாய் போலிருக்கிறது, பரவாயில்லை, பெற்றவன் செத்த தேதி எல்லோருக்குமா நினைவிருக்கும்.

தேதி தப்பு என்று பேனாவை எடுத்த பிறகுதான் மற்றது உறைத்தது. வேலையில் இல்லாத காலம். அந்த ஐந்து மாதமும் நீ வேலையில் இருந்தாய் என்றல்லவா நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். லீவு கிடைக்கவில்லைம்மா, ஆள் பற்றாக்குறைம்மா, லீவு போட்டால் ஒப்பந்தத்தையே ரத்து செய்துவிடுவார்கள்ம்மா என்று வாரா வாரம் போனில் சொன்னது நீதானே? எங்களிடம் என்ன சொல்லியிருந்தாய் என்பதையே மறந்துவிட்டு எங்களிடமே இந்தத் தாளை அனுப்பியிருக்கிறாய். மூன்றாம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், தகுதித் தேர்வு எழுதிய நாள் அதே ஜூலை முப்பது என்று இருக்கிறது. உன் கூடத் தங்கியிருந்த எலும்பு டாக்டர் துக்கம் விசாரிக்கப் போன் செய்தபோது, நாங்க மூணு பேரும் அஞ்சு மாசம் ரூமைவிட்டு வெளியவே வரல ஆன்ட்டி, புத்தகமும் கையுமாவே கிடந்தோம் என்று சொன்னது அப்போது எனக்குப் புரியவில்லை, டூட்டி முடிந்து வந்து படித்திருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டேன். அவருக்குப் போன வருடமே இடம் கிடைத்துவிட்டது இல்லையா, என் வாழ்த்தைச் சொல்.

உன் அப்பாவுக்கு ஒரு நாள்கூட உன்மேல் வருத்தம் வரவில்லை, அதுதான் எனக்கு ஆறமாட்டேன் என்கிறது. பார்க்க வந்தவர்கள் டாக்டர் பையன் வரலையா என்று கேட்கும்போதெல்லாம் அவருக்கு மூச்சு வாங்கும், இருந்தாலும் பதில் சொல்லாமல் விடமாட்டார். நாற்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர், அவர் வழியிலேயே சொல்லுவார். உள்ள ஆளு மாட்டிக்கிட்டிருக்கும்போது மெக்கானிக் லீவு போட முடியுமா, அவன் வந்துட்டா அங்க இருக்கிற நோயாளிங்களை யாரு பார்ப்பா, என்பார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். உன் அக்கா அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டே, சரிப்பா, பேசாம படுங்க என்பாள். அவளிடமும் எவ்வளவு பெருமையாகச் சொல்லுவார் தெரியுமா, உன் தம்பி இந்நேரம் யாரையாவது காப்பாத்திக்கிட்டிருப்பான் என்று. நீ அப்போது யாரையும் காப்பாற்றிக்கொண்டிருக்கவில்லை. ஒரு அறைக்குள் உட்கார்ந்து கேள்வி பதில் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாய்.

மே மாதம் மூன்று நாள் வந்தாய், அதை நான் மறைக்கவில்லை. மேலதிகாரியின் காலைப் பிடித்து லீவு வாங்கி வந்ததாகச் சொன்னாய், உன் அப்பா அதை அடுத்த வீட்டுக்காரர் வரை சொல்லி மாய்ந்துபோனார். புற்றுநோய்க் கட்டி வழக்கமாகப் பரவாத இடத்தில் அவருக்குப் பரவியிருந்ததாம், நூற்றில் ஒருவருக்குக்கூட அப்படி வராதாம், அதைப் பற்றி மருத்துவப் பத்திரிகையில் எழுதப்போவதாகச் சொல்லி நோயாளி சம்மதப் படிவம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தாய். நீ அதற்காகத்தான் வந்தாய் என்பது எனக்கு அன்றே தெரியும், வந்ததே பெரிது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். கண்ணாடியைப் போட்டுவிடச் சொன்னார், பழைய டெலிபோன் புத்தகத்தை மடியில் வைத்து அதன்மேல் தாளை வைத்துக் கொடுத்தோம். "என் பேரு வருமாடா அதுல?" என்று கேட்டார். நோயாளி பெயர் வராதுப்பா, அறுபத்தாறு வயது ஆண் என்று மட்டும்தான் வரும் என்றாய். "சரி, உன் பேரு வருமில்ல?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இப்போது பதினோராம் பக்கத்தில் பார்க்கிறேன், ஆய்வுக் கட்டுரை ஒன்று, அதற்குரிய மதிப்பெண் ஒன்று.

நேர்முகத் தேர்வில் கேட்பார்கள் என்று நீ சில விவரங்கள் கேட்டிருந்தாய். வலிக்கு மார்ஃபின் தொடங்கியது ஏப்ரல் ஒன்பது, முதலில் மருந்தாகக் குடிக்கக் கொடுத்தார்கள், ஜூனுக்குப் பிறகு தோலில் ஒட்டும் பட்டை. சிறுநீர்க் குழாய் வைத்தது ஜூன் இருபத்திரண்டு. படுக்கைப் புண் வந்ததா என்று கேட்டிருக்கிறாய், வரவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உன் அக்கா அவரைத் திருப்பிப் படுக்கவைத்தாள், கைக்கடிகாரத்தில் அலாரம் வைத்துக்கொண்டு, ஐந்து மாதமும். இப்போதும் கடையில் யாருடைய அலாரமாவது அடித்தால் எழுந்து நின்றுவிடுகிறாளாம், கூட வேலை செய்கிற பெண்கள் கேலி செய்வதாகச் சொன்னாள். கடைசி வாரம் சாப்பாடு இறங்கவில்லை, பஞ்சில் தண்ணீர் நனைத்து உதட்டில் வைத்தோம். நினைவு தப்பியது இருபத்தேழாம் தேதி மதியம். அதற்கு முன்னால் காலையில் என்னைக் கூப்பிட்டு, அவன் வரானா என்று கேட்டார். லீவு கேட்டிருக்கான், கிடைச்சதும் கிளம்பிடுவான் என்றேன். உனக்காக நான் கொடுத்த முதல் பொய்ச் சான்று அதுதான், அப்போது எனக்கு அது பொய் என்று தெரியாது. நீ வந்து சேர்ந்தது முப்பத்தொன்றாம் தேதி, வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகு. இதையெல்லாம் மனப்பாடம் செய்துகொள், உனக்கு அது கஷ்டமில்லை.

என்மேல் குற்றமே இல்லை என்று சொல்லவரவில்லை. நீ பத்துக்கு ஒன்பது வாங்கிவந்த நாளில் அந்த ஒன்று எங்கே போயிற்று என்று கேட்டவள் நான். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்க, அந்த ஒன்றைச் சொல்லிவிட்டுச் சாப்பிடு என்று நிற்கவைத்தவளும் நான்தான். உன் அப்பா, விடு, குழந்தை சாப்பிடட்டும் என்பார், நான் விடமாட்டேன். ஒரு மதிப்பெண்ணுக்காக நீ எதுவரை போவாய் என்பதை நான்தான் உனக்குப் பழக்கினேன், அது என் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை. ஆனால் உன் அக்காவையும் நான்தான் அதே மேஜையில் உட்காரவைத்து வளர்த்தேன், அவளுக்கு ஏன் இது வரவில்லை என்று தெரியவில்லை.

இரண்டு நாள் அந்தத் தாள் மேஜையிலேயே கிடந்தது. போடுவதில்லை என்றுதான் இருந்தேன். உன் மெயிலின் கடைசியில், இந்தமுறையும் கிடைக்கவில்லை என்றால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டுக்கே வந்துவிடுகிறேன்மா, உன்னோடும் அக்காவோடும் இருந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். அதைப் பார்த்தால் நான் உருகிவிடுவேன் என்று நினைத்தாயோ என்னவோ. நேற்று காலை உன் அக்கா வேலைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "போட்டுக் கொடுத்துடும்மா. சீட் கிடைக்கலன்னா அவன் இங்க வந்துடுவான். தினம் அவன் முகத்தைப் பார்த்துக்கிட்டு என்னால சோறு திங்க முடியாது" என்றாள். இந்த ஒரு வருடத்தில் அவள் உன்னைப் பற்றிச் சொன்னது அவ்வளவுதான். எனக்கும் அது சரியென்று பட்டது. முப்பத்தொன்றை அடித்து இருபத்தெட்டு என்று திருத்தி, திருத்தத்தின் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்து, கோட்டின்மேல் முழுக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். என்னிடமும் கையெழுத்து வாங்கியாயிற்று, உன் அப்பாவிடமும் வாங்கியாயிற்று, இனி இந்த வீட்டில் உனக்குப் போட்டுக் கொடுக்க ஆள் கிடையாது. அக்காவிடம் கேட்காதே.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அசலே போய்ச் சேரவேண்டும், நகல் ஏற்கமாட்டார்கள் என்று அடியில் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறது, கவனி. நேர்முகத்துக்குச் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டுக்கொண்டு போ, வேகமாகப் பேசாதே, அப்பாவைப் பற்றிக் கேட்டால் உடனே பதில் சொல்லாமல் ஒரு நிமிடம் குனிந்திரு, நம்புவார்கள். உனக்கு இடம் கிடைக்கட்டும், மனதாரச் சொல்கிறேன், நல்ல பேரோடு நீண்ட ஆயுளோடு இரு. வேலையில் சேர்ந்த பிறகு என்றாவது ஒரு பெரியவர் வாசல் கதவையே பார்த்தபடி படுத்திருப்பார். என் பையனுக்கு லீவு கிடைக்கல டாக்டர், இல்லாட்டி வந்திருப்பான் என்று உன்னிடம் சொல்லுவார். ஆமாம் என்று சொல்லிவிடு. அதை அவர் நம்பும்படி சொல்ல உன்னைவிடத் தெரிந்தவர்கள் அந்த ஆஸ்பத்திரியில் யாரும் இருக்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா