கொன்றையில் ஒரு மஞ்சள், ஆவாரையில் ஒரு மஞ்சள்

1973, ஐப்பசி 9

நோட்டே, கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள். இந்த வயதில் இப்போதுதான் எழுதக் கை பழகுகிறது.

நான் காவல் காக்கும் கவரைப்பேட்டைத் தோட்டத்துக்கு இன்று பட்டாம்பூச்சி ஆராயும் கல்லூரி அம்மா வந்தார். மஞ்சள் பூச்சிகளையெல்லாம் ஒரே டப்பாவில் போட்டார்.

“ரெண்டும் வேறம்மா,” என்றேன்.

“ஒண்ணுதான் பெரியவரே. கண்ணாடி போடலையா?”

“இது ஆவாரையில ஒண்ணொண்ணா முட்டை வெக்குது. அது கொன்னையில குமிச்சு வெக்குது. மூணு வருஷமா பாத்துகினு கீறேன், ரெண்டும் ஜோடி சேர்ந்ததே இல்ல.”

சொன்ன பிறகு பயமாகிவிட்டது. அவர் லென்ஸில் முட்டைகளை நெடுநேரம் பார்த்தார். வேறுதான் என்றார்; ஒரு காலத்தில் ஒரே இனம்தானாம். கலக்காமல் பிரிந்து, தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள் மாறி இரண்டாகிவிட்டதாம்.

இன்னொரு டப்பா எடுத்தார். “பேரை நீங்களே எழுதுங்க.”

அவர் தந்த சீட்டில் ‘கொன்றை’ என்று எழுதினேன். கோணலாகத்தான் வந்தது. அவர் திருத்தாமல் அப்படியே டப்பாவில் ஒட்டினார்.

அடுத்த வாரத்துக்குள் முட்டையிலிருந்து புழு வரும். பார்த்து எழுதுவேன்.