யாரிடமிருந்து என்று கேட்கும் பாடம்

17 ஜனவரி 2024
சுபஹ் தொழுதுவிட்டுப் பின்படியில் பாடம். கொரியாவுக்கு வேலைக்குப் போகச் சோதனை எழுதப்போவது என் மனிசன் றிஷாட். பாடமாகிக்கொண்டிருப்பது எனக்கு. சனிக்கிழமைகளில் புளியந்தீவுக்கு வகுப்புக்குப் போகிறார். மற்ற நாளெல்லாம் மேசன் வேலை, கை காலெல்லாம் சீமெந்து. விடியற்காலை புத்தகத்தை விரித்தால் கண்ணை மூடிவிடுகிறார். "நீ வாசி, நான் கேக்கிறன்" என்பார். கேட்கிறாரா தூங்குகிறாரா என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

வட்டமும் கோடுமாக அந்தக் கொரிய எழுத்துகள். எங்கள் மகள் நிஸ்றா சுவரில் கிறுக்குவதைப்போல் இருந்தவை இப்போது கனவிலும் வருகின்றன. நேற்று ஆற்றின்மேல் வரிசையாக மிதந்தன. நான் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொன்றாக அள்ளினேன். கையில் எடுத்ததும் கரைந்துபோனது. (வாவி என்று புத்தகத்தில் எழுதுவதை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம்.)

25 ஜனவரி
இன்றைக்குப் புதுச் சொல்: ஹன்தேசோ. ஆளின் பெயருக்குப் பின்னால் ஒட்டினால் அந்த ஆளிடமிருந்து என்று ஆகிவிடும். கூட்டாளியிடமிருந்து கேட்டேன். உம்மாவிடமிருந்து வாங்கினேன். இடத்திலிருந்து வந்தால் வேறு சொல், எசோ. ஆளுக்கு ஒன்று, இடத்துக்கு ஒன்று. நாங்களும் அப்படித்தானே பேசுகிறோம்? வாப்பாவிடமிருந்து, சவூதியிலிருந்து. இத்தனை காலம் பேசியும் கவனிக்கவில்லை.

சோறு வடிக்கும்போதும் அதே நினைப்பு. இந்த வீடு எனக்கு யாரிடமிருந்து வந்தது? வாப்பாவிடமிருந்தா, சவூதியிலிருந்தா? வாப்பா பதினெட்டு வருஷம் அங்கே இருந்து கட்டினார். எங்கள் காத்தான்குடியில் மகளுக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் ஏது? இப்போது அவரும் உம்மாவும் இதே வீட்டின் பக்கத்து அறையில் எங்களோடு இருக்கிறார்கள். எந்த சுவிச்சைப் போட்டால் எந்த லைட் எரியும் என்று வாப்பாவுக்கு இன்னும் தெரியாது. சுவரைத் தடவித் தடவி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார். தான் கட்டிய வீட்டில் விருந்தாளி.

நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அவர் கசெட்டில் பேசி அனுப்புவார். "வாப்பா எங்க?" என்று யாரும் கேட்டால் ரேடியோப் பெட்டியைக் கைகாட்டுவேனாம். உம்மா இதைச் சிரித்துக்கொண்டே சொல்வா. எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

3 பெப்ரவரி
என்னத்துக்குப் போகவேண்டும் என்று இன்றைக்குக் கேட்டேவிட்டேன். நேராகக் கேட்கவில்லை, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே பேச்சோடு பேச்சாக.

"நான் குந்தியிரிக்கிற இந்தக் கதிரையும் உன்ட வாப்பாக்கிட்ட இருந்து வந்தது. நிஸ்றாட வீடாவது என்னட்ட இருந்து வரட்டும்" என்றார்.

கல்யாணத்தன்று ஒரு சூட்கேஸோடு இந்த வீட்டுக்கு வந்த மனிசன். ஊரில் பாதி வீடு அவர் கைபட்டுக் கட்டியது. மகளுக்கு மூன்று வயதுதான் ஆகிறது, அதற்குள் கடைத்தெருவில் எல்லாரும் அவளுக்கு வீடு கட்ட "வளவு பாத்திட்டீங்களா?" என்று கேட்கிறார்களாம். கேட்பவர்களின் வாயில் மண் விழ.

4 பெப்ரவரி
ஆற்றில் பனிப்புகார். அக்கரை தெரியவில்லை. வலை வீசும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

6 பெப்ரவரி
ஹன்தேசோவுக்கு இரண்டாம் பயிற்சி இன்றைக்கு. வாசிக்கத் தொடங்கி, இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பிவிட்டேன். வேண்டுமென்றுதான். அதற்கு அடுத்தது தொழிற்சாலை எச்சரிக்கைப் பலகைகள். தொடாதீர்கள், ஏறாதீர்கள், உள்ளே போகாதீர்கள். அதை வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

ஒரு பாடம் குறைந்தால் ஒரு கேள்வி பிழையாகும். பல பாடம் குறைந்தால் மனிசன் வீட்டோடு இருப்பார். இவ்வளவு கேவலமாகவா யோசிக்கிறேன்? ஓம், யோசிக்கிறேன்.

7 பெப்ரவரி
விட்ட தாளை வாசித்துக் கொடுத்துவிட்டேன். நேற்று ரெண்டு தாளும் ஒட்டிக் கிடந்தது என்றேன்.

"ஒட்டினதா, ஒட்டவெச்சதா?" என்றார், கண்ணைத் திறக்காமலே.

நான் அடுத்த தாளைத் திருப்பினேன். அவரும் பிறகு அதைக் கேட்கவில்லை.

19 மார்ச்
நோன்பு. ஸஹர் சாப்பிட்டதும் பாடம். பசியும் தூக்கமும் சேர்ந்த அந்த நேரத்தில் எல்லாச் சொல்லும் பாட்டுமாதிரி இருக்கிறது. வானம் வெளுக்கும்போது அவர் என் மடியில் தலை வைத்திருந்தார், நான் முந்நூறாம் பக்கத்தில் இருந்தேன். இப்படியே பக்கம் முடியாமல் போய்க்கொண்டிருந்தால் என்ன?

30 மே
பாஸ்.

வகுப்பில் எல்லாரையும் எழுப்பி, யாரிடமிருந்து படித்தாய் என்று கொரிய மொழியில் கேட்டார்களாம். இவர் எழும்பி "அனெஹன்தேசோ பெவொஸ்ஸோயோ" என்றாராம். மனைவியிடமிருந்து கற்றேன். வகுப்பு முழுக்கச் சிரிப்பாம். வீட்டுக்கு வந்து அதையே வாப்பா, உம்மா முன்னால் நடித்துக் காட்டினார்.

எனக்கு உச்சி குளிர்ந்தது. அப்புறம் குசினிக்குள் போய் முகம் கழுவவேண்டியதாகிவிட்டது. என்னிடமிருந்து என்னத்தைக் கற்றார்? போறதத்தானே படிச்சார்? வேற யாரும் சொல்லிக்குடுத்திருந்தா இவ்வளவு நோகாது.

இனி அங்கே ஒரு முதலாளி இவருடைய பெயரைத் தெரிவு செய்யவேண்டுமாம். அந்தப் போன் நாளைக்கும் வரலாம், வராமலும் போகலாம்.

11 ஆகஸ்ட்
போன் வரவில்லை. ஒவ்வொரு முறை அது அடிக்கும்போதும் என் கையில் இருப்பது என்னவோ அது கீழே விழுகிறது. இன்றைக்கு முட்டை.

22 நவம்பர்
மழை. மேசன் வேலை ஒன்றும் இல்லை. பின்வளவில் ஆற்றுப் பக்கமாக நாலு கட்டை அடித்து நூல் கட்டிக்கொண்டு நின்றார். குடையும் இல்லை. என்ன இது என்று கேட்டேன். "சும்மா. அளவு பாக்கிறன்" என்றார்.

நிஸ்றா அந்த நூலுக்குள் ஒரு பக்கத்தால் பாய்ந்து மறுபக்கத்தால் வந்தாள். "வாசல் இது இல்ல மகள், அந்தப் பக்கம்" என்று சொல்லிக்கொடுத்தார். அவளும் சுற்றிப்போய், இல்லாத வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். இரண்டுபேரும் ஈரத்தில் குந்திக்கொண்டு இருந்தார்கள். யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். மழைக்குள் அந்த வீடு எனக்கும் தெரிந்தமாதிரித்தான் இருந்தது.

20 பெப்ரவரி 2025
வந்துவிட்டது. ஏதோ குழாய் செய்யும் தொழிற்சாலையாம். ஒரு கிழமைக்குள் ஓம் என்று சொல்லவேண்டும். உம்மா உடனே பாலூற்றி வட்டிலப்பம் வைத்தா. வந்தவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்டார்கள், சந்தோசமா என்று. அவர்ட விருப்பம் என்றேன். ஒவ்வொருவருக்கும் அதையே சொன்னேன். வாய் வலிக்கவில்லை.

இவர் சிரித்துக்கொண்டே வட்டிலப்பம் பரிமாறினார். தான் மட்டும் சாப்பிடவில்லை.

21 பெப்ரவரி
உம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். வேணாம் உம்மா, நிஸ்றா சின்னப்புள்ள, எனக்குப் பயமா இரிக்கி எண்டு. உம்மா அரிசி புடைக்கிறத நிப்பாட்டவே இல்ல.

"நான் இரிக்கல்லையா புள்ள, பதினெட்டு வரிசம்?"

இருந்தா. இருந்ததாலதான் எனக்கு வீடு. அந்த வீட்டுக்குள்ள இருந்துகொண்டு வேணாம் எண்டு சொல்ல எனக்கு என்ன வாய்? ஆனா உம்மா, நீங்க இருந்ததப் பாத்துக்கொண்டு நானும் இருந்தேனே. அது உங்களுக்குத் தெரியுமா?

இதைச் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

22 பெப்ரவரி
இதை எழுதத்தான் வேண்டும்.

சுபஹுக்குப் பிறகு பழக்கத்தில் பின்படிக்கு வந்துவிட்டோம், இரண்டுபேரும். பாடம் முடிந்து எவ்வளவோ காலம். புத்தகம் இல்லை. ஆறு பால்மாதிரிக் கிடந்தது, காற்றும் இல்லை. அப்புறம் அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எல்லாரும் சொல்லிட்டாங்க. உன்னட்ட இருந்துதான் ஒண்டும் வரல்ல."

உங்கட விருப்பம் என்றுதான் வாய் திறந்தது. பிறந்ததிலிருந்து அந்த ஒரு பதிலுக்குத்தான் இந்த வாயைப் பழக்கியிருக்கிறார்கள். அவரிடம் வேண்டாம் என்பதற்குத் தமிழில் எனக்குச் சொல் இருக்கவில்லை. எங்கேயோ கிடந்த எச்சரிக்கைப் பலகைப் பாடம் வந்தது.

"காஜி மாசெயோ."

போகாதீர்கள். சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.

அவர் திரும்பிப் பார்த்தார். இந்த மனிசன் கண் திறந்து பாடம் கேட்டது இன்றைக்குத்தான். "இன்னொருக்காச் சொல்லு" என்றார்.

"போகவேணாம் மச்சான். வீடு வேணாம். நிஸ்றாக்கு நீங்க இரிக்கணும். எனக்கும்."

அவர் எழும்பி ஆற்றங்கரை வரைக்கும் நடந்தார். நான் படியிலேயே இருந்தேன். திரும்பி வரும்போது கால் நனைந்திருந்தது. தேத்தண்ணி கேட்டார், கொடுத்தேன். இவ்வளவுதான் நடந்தது.

25 பெப்ரவரி
கொரியாவுக்கு வரவில்லை என்று இவர் சொல்லிவிட்டார். இனிப் பெயர் வருவது கஷ்டம் என்று வகுப்பில் படிப்பிக்கும் சேர் போனில் ஏசினாராம். உம்மா என்னோடு கதைப்பதில்லை. அவரும் நல்ல முகத்தோடு இல்லை, என்னத்துக்குப் பொய் எழுதவேண்டும்? இன்றைக்கு வேலையால் வந்து கதிரையில் குந்தாமல் தரையில் இருந்தார். பிழை செய்தேனா?

இல்லை. பயமாக இருக்கிறது, ஆனால் பிழை செய்யவில்லை.

1 மார்ச்
நாளைக்கு நோன்பு தொடங்குகிறது. நவம்பரில் பின்வளவில் கட்டிய நூல் அறுந்து தொங்கியது. பின்னேரம் அவர் புது நூல் கட்டினார். எவ்வளவு காலம் எடுக்கும் என்று நான் கேட்கவில்லை. "நிஸ்றா குமராகிறதுக்குள்ள வீட்ட முடிப்பன்" என்று அவராகவே சொன்னார்.

4 ஜூலை, வெள்ளி
கிழமை முழுக்க ஊராருக்குக் கட்டுகிறார். வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வந்தால் எங்களுக்கு. சுவர் நிஸ்றாவின் நெஞ்சளவு வந்திருக்கிறது. போன மாதமும் நெஞ்சளவுதான். அவளும் வளர்கிறாள் அல்லவா.

வாப்பா இன்றைக்கு நூலின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சுவிச்சு எங்க வெக்கப்போற?" என்று இவரிடம் கேட்டார். இவர் சுவரில் சோக்கட்டியால் குறி போட்டுக் காட்டினார். வாப்பா அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார்.

உம்மா எல்லாருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தா. எனக்கும் ஒரு கோப்பை இருந்தது.

நிஸ்றா கல்வரிசையை ஹானா, துல், செத் என்று கொரிய மொழியில் எண்ணிக்கொண்டிருந்தாள். நான் வாசித்ததைத் தூக்கத்தில் கேட்டிருப்பாளோ? வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற முப்லிஹா மாமி, ஆர்ர வீடு மகள் இது என்று கேட்டா. என்ட என்றாள். அப்புறம் மாமி, கதையை வளர்க்கவேண்டும் என்றுதான், வாப்பா எங்க என்று கேட்டா.

கையிலிருந்த தேத்தண்ணியோடு நான் அப்படியே நின்றுவிட்டேன்.

நிஸ்றா விரலை நீட்டிக் காட்டினாள். முகமெல்லாம் சீமெந்தோடு அவர் அடுத்த கல்லைத் தூக்கிக்கொண்டிருந்தார்.