குறைவு என்று சொன்ன கணக்கு

அக்கா,

இன்று காலை நம் ஆய்வகத்து ஃப்ரீசரைச் சுத்தம் செய்தேன். பனியைச் சுரண்டியபோது பின்வரிசையில் இரத்த மாதிரி வைக்கும் ஒரு சின்னக் குழாய் அகப்பட்டது. அதில் உங்கள் கையெழுத்து: ‘சோதனை ஓட்டம், நான்’. விரல் மரத்துப்போகும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிராங்பேர்ட்டில் வாழும் பெரு, மெக்சிகோ நாட்டவர்களின் மரபணுவில் சர்க்கரை நோயின் தடயங்களைத் தேடுவது நம் வேலை. ஐரோப்பியர்களை வைத்துச் செய்த ஆபத்துக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது என்று எத்தனை கூட்டங்களில் சண்டை போட்டீர்கள்! ஆபத்து குறைவு என்று கேட்டு மகிழ்ந்துபோன பெரு நாட்டு ரோசாவை, விடாப்பிடியாக இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினீர்கள். அவருக்குச் சர்க்கரை இருந்தது.

“இந்தக் கணக்கு அவையைப் பாத்துச் செய்யேல்லை. பிறகு எப்பிடி அவைக்குச் சரிவரும்?” என்று உங்கள் ஊர்த் தமிழில் என்னிடம் பொரிந்து தள்ளினீர்கள்.

அவர்கள் கொடுத்த இரத்தம் வீணாகக் கூடாதென்று, எந்தப் புதுச் சோதனையை ஓட்டினாலும் முதலில் நம் இரத்தத்தைத்தான் போட்டுப் பார்ப்போம். ஒருநாள் உங்கள் முறை. திரையில் ‘குறைவு’ என்று வந்தது.

“பாத்தீரே, எனக்குச் சீனி வராதாம்!” சிரித்துக்கொண்டே தேநீரில் இன்னொரு கரண்டி போட்டீர்கள்.

“அக்கா, அது நம்மளப் பார்த்தும் செஞ்ச கணக்கில்லையே. ஒரு டெஸ்ட் எடுத்துடுங்களேன்.”

“ஓம் ஓம், எடுப்பம். இந்தக் கிழமை ஏலாது, இரத்தம் குடுக்க ஆக்கள் வருகினம்.”

எந்நேரமும் தண்ணீர்ப் போத்தலும் கையுமாக இருந்தீர்கள். கேட்டால், “ஹீட்டர் காத்து, தொண்டை காயுது” என்பீர்கள். போன மார்ச்சில், எஸ்-பான் ரயிலில் வீட்டுக்குப் போகும் வழியில் உங்கள் இதயம் நின்றுவிட்டது. பல வருடச் சர்க்கரை என்று மருத்துவர்கள் பிறகு சொன்னார்கள். உங்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஊருக்கெல்லாம் சொன்னீர்களே அக்கா, உங்களுக்கு ஏன் சொல்லிக்கொள்ளவில்லை?

சோதனை ஓட்டத்தின் மிச்சத்தை வைத்திருக்கக் கூடாது என்பது விதி. குழாயை எறிந்துவிட்டேன்.

மதியம் ரோசா இரத்தம் கொடுக்க வந்தார். தன் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதாம். “என்னைத் திட்டி அனுப்பிய அந்த டாக்டர் எங்கே?” என்று ஜெர்மனில் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். “நீ உன் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டாயா?” என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன். நீங்கள் போனதிலிருந்து பயந்து பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் கைப்பையிலிருந்து சர்க்கரை பார்க்கும் தன் கருவியை எடுத்தார். புது ஊசி மாட்டி, என் விரலைப் பிடித்துக் குத்தினார். அழுதுவிட்டேன், வலியால் அல்ல.

இனி உங்களைப் போல ‘இந்தக் கிழமை ஏலாது’ என்று நான் சொல்ல மாட்டேன், அக்கா.