விறகு ஏற்றாத வண்டி

ஒல்பியா நகரில் இருக்கும் அண்ணன் பொசிதேயோசுக்கு, அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் நலம் வேண்டித் தங்கை மெலித்தா எழுதுவது. என் கணவர் குலமான சிதியரின் பேச்சிலேயே நினைத்து நம் கிரேக்கத்தில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று காலை எழுந்ததும் முதலில் அரசரின் கூடாரப் பக்கம் போய் அந்த மாட்டு வண்டியைப் பார்த்தேன். குறி பொய்யென்று தெரிந்தால், சொன்னவர்களைக் கட்டிவைத்து எரிக்கும் வண்டி. ஒரு சுள்ளிகூட ஏற்றவில்லை. விறகு பொறுக்க யாரும் போகாததைப் பார்த்தால், குறி உண்மைதான் என்று ஊர் முடிவு செய்துவிட்டது தெரிகிறது.

இதைக் கொண்டுவரும் வணிகர் சொல்லியிருப்பார். அரசர் நோயில் கிடக்கிறார். குறிகாரர் மூவர் குறி பார்க்கும் கம்புகளைப் பரப்பி, அரசரின் அடுப்பைத் தொட்டு ஒருவன் பொய்ச் சத்தியம் செய்ததுதான் காரணம் என்று என் கணவர் முர்தாக்கின் பெயரைச் சொன்னார்கள். அவர் மறுத்தார். இன்று வேறு அறுவர் வந்து பார்க்கிறார்கள். அவர்களும் அதையே சொன்னால் அவர் தலை போகும். கூடவே நம் பிள்ளை அஸ்பக்கும். இங்கே தகப்பனைக் கொன்றால் ஆண் பிள்ளைகளை விட்டுவைப்பதில்லை. பெண்களைத் தொடுவதில்லை.

அந்தச் சத்தியம் பொய்யா என்று நான் அவரைக் கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார் என்ற பயம்தான்.

அஸ்பக்கை அழைத்துப்போக நாணற்காட்டில் நீங்கள் நிறுத்தியிருக்கும் படகைத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள். துறையில் குதிரைவீரர்கள் நிற்கிறார்கள். மகன் ஓடினால் தகப்பன் குற்றவாளி என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். உங்கள் வீட்டுக் கதவை நீங்கள் திறப்பீர்கள். அரசரின் தயவில் கோதுமை விற்கும் உங்கள் ஊர், கோட்டைக் கதவைத் திறக்குமா?

எங்கள் கூடாரத்துக்கு இப்போது வருகிறவர் கோசக் ஒருவர்தான். ஆணாய்ப் பிறந்தும் பெண்ணுடை உடுத்தி, பெண்களைப் போலவே பேசி, தேவியின் பெயரால் குறி சொல்கிறவர்களில் ஒருவர். அவர்களைக் கண்டு எல்லோருக்கும் அச்சம். நேற்று மாலை குதிரைக்கறியைத் தின்றுகொண்டே, “ஏன்டி கிரேக்கச்சி, உப்பு போட மறந்துட்டியா, இல்ல அழுதே சரிக்கட்டிக்கலாம்னு விட்டுட்டியா?” என்று கேட்டார். பிறகு அஸ்பக்கைப் பார்த்து, “வெட்டுறவங்க ஆம்பளைங்களத்தான் எண்ணுவாங்க. எங்ககூட உக்காந்தவன எண்ண மாட்டாங்க. ஆனா வந்தா வந்ததுதான், திரும்பிப் போக முடியாது” என்றார்.

முர்தாக் சிரித்தார். “எம் பையன் பாவாடை கட்டுறதுக்கு எங்கூடவே செத்துரட்டும்” என்றார்.

“நீயும் ஒரு பாவாடைக்குள்ளேருந்து வந்தவன்தான்டா” என்றார் கோசக்.

அஸ்பக் சிரிக்கவில்லை. அப்பாவோடு போவதுதான் மரியாதை என்று பிறகு என்னிடம் சொன்னான். பதினான்கு வயது. வேட்டைக்குக் கிளம்புவது போலச் சொல்கிறான்.

இங்கே ஒரு பிள்ளைக்கு என்ன இருக்கிறது அண்ணா? குதிரை, வில், தோழர்களோடு ஒரே கிண்ணத்தில் குடிப்பது, பிறகு ஒரு பெண். அத்தனையையும் அவனிடமிருந்து எடுத்துவிடப் போகிறேன். என்னை வெறுப்பான். வெறுக்க அவன் இருக்கட்டும்.

அறுவரும் கம்புகளைப் பிரிக்குமுன், கறி கொடுத்துவிட்டு வரலாம் என்று சொல்லி அவனைக் கோசக் குடியிருக்கும் வண்டிக்கு அழைத்துப் போவேன். முர்தாக்கிடம் சொல்லவில்லை. அஸ்பக்கிடமும், கோசக்கிடமும்கூடச் சொல்லவில்லை.

உங்கள் வீட்டுத் தெய்வத்தின் முன் முர்தாக்குக்காகக் கொஞ்சம் மது ஊற்றுங்கள். பிள்ளையைப் பற்றி யார் கேட்டாலும், உங்கள் தங்கைக்கு மகன் இல்லை என்று சொல்லுங்கள். தயங்காமல் சொல்லுங்கள், அண்ணா.

உங்கள் அன்பை என்றும் நம்பியிருக்கும்,
மெலித்தா