கோயில் வாசலில் உன் மகளின் மாவிளக்கு

என் பாசமுள்ள அண்ணாவுக்கு,

உன் மகள் மலர் இப்போது மோகனூரில் ஐந்தாவது படிக்கிறாள். பேச்சைக் கேட்டால் தான்சானியாவில் பிறந்தவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நீமா அண்ணிகூட எதற்கெடுத்தாலும் "ஆமாங்க" என்கிறார்.

ஆழ்துளைக் கிணறு போட ரிக் வண்டியோடு அந்த நாட்டுக்குப் போன நீ, அண்ணியைக் கட்டிக்கொண்டு மலரோடு திரும்பியபோது நம் சனம் உன் முகத்துக்காக வாயை மூடிக்கொண்டது. நீ கண்ணை மூடிய பிறகுதான் அது எனக்கு விளங்கியது.

போன மாதம் குலதெய்வக் கோயிலில் நோம்பித் திருவிழா. மலர் மாவிளக்குத் தட்டை ஏந்திக்கொண்டு என்னோடும் அண்ணியோடும் வந்தாள். கோயில் கமிட்டித் தலைவராக இருக்கும் பெரியப்பா வாசலிலேயே மறித்தார்.

"நீ உள்ள போ சாமி. அந்தப் புள்ளையும் அவங்கம்மாளும் வெளிய நிக்கட்டும்."

"ஏனுங்க பெரீப்பா?"

"நெறத்தப் பாரு, முடியப் பாரு. நம்ம கொலத்துல, நம்ம கூட்டத்துல சேருமா?"

"அப்பன் கூட்டந்தான் புள்ளைக்குன்னு சொன்னதே நீங்கதானுங்க."

"அது நம்ம சனத்துக்குள்ள கட்டுனவங்களுக்கு."

பெரியப்பாவும் கறுப்புதான், அண்ணா. அந்த வெயிலில் நின்ற எல்லாருமே கறுப்புதான். பிறகு எந்த நிறத்தைப் பார்க்கச் சொன்னார்?

நான் உள்ளே போகவில்லை. மூன்று பேரும் மதிலோரம் போய் நின்றோம். எப்போதும் அங்கேயே நின்று சாமி கும்பிடும் கூலிக் குடும்பத்துப் பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அவர்களை யார் அங்கே நிறுத்தியது என்று நம் வீட்டில் ஒரு நாளாவது பேசியிருக்கிறோமா?

"அத்தை, ஊட்டுக்குப் போலாமா?" என்றாள் மலர்.

"இல்ல சாமி. வெளக்குப் பத்த வெச்சுக் கும்பிட்டுட்டுப் போலாம்."

அண்ணிதான் தீக்குச்சியைக் கிழித்தார்.

மறுநாள் பெரியப்பா நம் வீட்டுக்கு வந்தார். "வார வருசம் அந்தப் புள்ள உள்ள வரட்டும். கடைசி வரிசையில நின்னுக்கட்டும்" என்றார்.

"அவங்கப்பன் நின்ன வரிசையில நிப்பாளுங்க. மதிலோரம் நிக்கறவங்களும் உள்ள வரோணும்ங்க."

அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

கமிட்டி கூடும்போது நானும் அண்ணியும் போகிறோம். பெண்களுக்கு அங்கே நாற்காலி போடமாட்டார்கள், நின்றுகொண்டே பேசுவோம். இந்த முறை முடியாவிட்டால் அடுத்த முறையும் போவோம். மலரின் விளக்கு உள்ளே எரியும்வரை என் விளக்கும் அந்த வாசலைத் தாண்டாது. இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கூடப் பிறந்தவள்,
மலரின் அத்தை,
செல்வி