சார் சொன்னாக

மாப்ள,

இன்று காலை ஒரு நெல் வயலில் கம்பி அறுந்து கிடக்கிறது என்று ஆள் வந்து சொன்னார்கள். லைனை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கம்பியின் நுனி கிடந்த இடத்தில் ஈர மண் கையகலத்துக்குக் கருகியிருந்தது. செங்கல் சூளையும் சேறும் கலந்தது போல ஒரு வாசனை. அது மூக்கில் ஏறியதும் என் இரண்டு கால்களும் தாமாக ஒட்டிக்கொண்டன. கூட வந்த மூத்த லைன்மேன் சிரித்தார். "என்னய்யா, அட்டென்ஷன்ல நிக்கிற? லைன்தான் ஆஃப் ஆயிருச்சே."

நான் குனிந்து கம்பியைச் சுருட்டினேன். காரணத்தைச் சொன்னால் புரிந்திருக்கக்கூடிய ஆள் நீ ஒருவன்தான். நீ போய் ஒரு வருஷம் ஆகிறது.

எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் உன் பள்ளிக்கூட மைதானத்தில் நான் ஒரு வார்த்தை கத்தினேன். தப்பான வார்த்தை. அதை நீ கடைசி வரை யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததால் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. அன்றிலிருந்து, அந்த வார்த்தை எப்போது வெளியே வருமோ என்ற பயத்தோடுதான் அந்த வேலையைப் பார்க்கிறேன்.

எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் நாம் ஒரே பெஞ்சு. அப்புறம் நான் வயர்மேன் படிக்க ஐ.டி.ஐ.க்குப் போனேன், நீ ஆசிரியர் பயிற்சிக்குப் போனாய். முடித்ததும் மின்வாரிய வேலைக்கு எழுதிப்போட்டுவிட்டு, நான் உத்தமபாளையத்தில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடையில் உட்கார்ந்தேன். உனக்குத் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு கிடைத்தது. அந்த வகுப்பில்தான் பிள்ளைகளுக்கு முதன்முதலாக இங்கிலீஷ்.

நீ அதை நடத்திய விதம் எனக்குப் பிடிக்கவே இல்லை. "ஏ பி சி டி எழுதிப் போட்டு மனப்பாடம் பண்ணச் சொல்ல வேண்டியதுதானே? அதென்னடா எப்பப் பாத்தாலும் ஆட்டம்?" என்று கேட்டேன்.

"மாப்ள, இதுகளுக்கு இங்கிலீஷ்னா போலீஸ்காரன் மாதிரி. பாத்ததும் வாயைக் கட்டிப்போடுது. ஆடுறப்ப எவனாச்சும் வாயக் கட்டிக்கிட்டு ஆடுவானா?" என்றாய்.

துண்டுச் சீட்டில் ட்ரீ, டோர், ஸ்டோன் என்று எழுதிக் கொடுத்து, அந்தந்தப் பொருளில் ஒட்டிவிட்டு வரச் சொல்வாய். 'ஹெட்' என்ற சீட்டை ஒரு பயல் தன் தலையில் வைக்காமல் தலைமையாசிரியர் அறைக் கதவில் ஒட்டிவிட்டு வந்தான். இன்னொரு நாள் வலது கையைத் தூக்க வைப்பதற்காக "ரைட்!" என்றாய். வரிசையாக நின்ற வகுப்பு அப்படியே கிளம்பி வாசலைத் தாண்டிப் போய்விட்டது. கண்டக்டர் 'ரைட்' சொன்னால் வண்டி கிளம்பத்தானே வேண்டும்? நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு வேலையை இப்படிச் செய்தால் என்றைக்கு முடிப்பது?

பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த ஆட்டம் 'சார் சொன்னாக'. அதைச் சொல்லிவிட்டு நீ எந்த இங்கிலீஷ் வார்த்தை சொன்னாலும் செய்ய வேண்டும். 'சார் சொன்னாக, ஸ்டாண்ட் அப்' என்றால் எழ வேண்டும். வெறும் 'ஸ்டாண்ட் அப்' என்றால் அசையக் கூடாது. அசைந்தால் அவுட். யார் வேண்டுமானாலும் எதையாவது கத்தி மற்றவர்களை ஏமாற்றலாம் என்று ஒரு சலுகையும் வைத்திருந்தாய். நானே ஒருநாள் போகிற போக்கில் "ஜம்ப்!" என்று கத்திப் பாதி வகுப்பை அவுட்டாக்கினேன். அன்றிலிருந்து அதுகளுக்கு நான் ஏமாற்றுக்காரக் கரண்டண்ணன்.

இங்கிலீஷ் வகுப்பில் எதற்குத் தமிழ் என்று தலைமையாசிரியர் கேட்டதற்கு, "அந்த ஒரு வார்த்தை அதுகளோடதா இருக்கட்டும் சார், மத்ததெல்லாம் இங்கிலீஷாவே இருக்கட்டும்" என்றாய்.

அவுட்டானவர்கள் போய் உட்காருவதற்கு வேலியோரம் ஒரு பழைய துவைகல் கிடந்தது. எப்போதும் அங்கே முதலில் போய் உட்காருகிறவள் பேச்சி. வகுப்பிலேயே சின்ன உருவம். யார் அதட்டினாலும் அசைந்துவிடுகிற பிள்ளை.

அன்றைக்குக் காலையில் பெய்த மழை விட்டிருந்தது, காற்று மட்டும் நிற்கவில்லை. தலைமையாசிரியர் அறைக்கு ஃபேன் மாட்ட வந்தவன் நான். தாழ்வாரத்தில் நின்று டெஸ்டரைத் தேடிக்கொண்டிருந்தேன். மைதானத்தில் 'சார் சொன்னாக' நடந்துகொண்டிருந்தது: நீ இந்தப் பக்கம், பிள்ளைகள் நடுவில், பேச்சி அவுட்டாகிக் கல்லின்மேல். பக்கத்துத் தோட்டத்து மோட்டாருக்குப் போகிற கம்பி, அந்தக் கல் கிடந்த மூலையில், மைதானத்துக்கு மேலாகப் போகும். காற்றில் ஒரு தென்னை மட்டை பிய்ந்து அதன்மேல் விழுந்தது. கம்பி அறுந்து, நுனி தேங்கிய தண்ணீரில் விழுந்தது. எண்ணெயில் கடுகு போட்டது போலப் பொரிந்து, கருகிய சேற்று வாசனை எழுந்தது.

நான் படித்தது என்ன? ஈரத் தரையில் கம்பி விழுந்தால் மின்சாரம் மண்ணில் பரவும். கம்பிக்குக் கிட்டத்தில் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. காலை அகட்டி வைத்தால் ஒரு காலில் ஏறி மறு கால் வழியாக இறங்கும். அதனால் ஓடக் கூடாது. பரீட்சையில் இதற்கு முழு மார்க் வாங்கியவன் நான். அந்த நிமிஷம் என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"ஓடுங்க! எல்லாரும் ஓடுங்கடா!"

ஒருத்தரும் ஓடவில்லை. சிலதுகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றன. ஒரு பயல், "ஏலே, அசையாதீகடா. கரண்டண்ணே நம்மள அவுட்டாக்கப் பாக்குறாக" என்றான்.

ஓடியது வேலியோரம் மேய்ந்த ஆடு மட்டும்தான். மிரண்டு நான்கு எட்டு ஓடியது. ஐந்தாவது எட்டில் கால்கள் விறைத்துச் சாய்ந்தது. சத்தம்கூடப் போடவில்லை.

நான் சொன்னதைக் கேட்டது அது ஒன்றுதான்.

பிள்ளைகள் ஆட்டைப் பார்த்துவிட்டன. சிரிப்பு நின்றது. இன்னும் ஒரு நொடியில் சிதறி ஓடியிருக்கும். "சார் சொன்னாக, ஸ்டாண்ட்!" என்று உன் குரல் கேட்டது. மைதானத்தில் நின்ற அத்தனை பிள்ளைகளும் முளையடித்தது போல நின்றன. அதுகளின் மேலிருந்து கண்ணை எடுக்காமல், வாயோரத்தால் என்னிடம் கேட்டாய்: "என்னடா பண்ணணும்? சீக்கிரம் சொல்லு."

அப்போதுதான் எனக்குப் படித்தது ஞாபகம் வந்தது. "காலை அகட்டக் கூடாது. ரெண்டையும் ஒட்டி வச்சுக் குதிச்சுக் குதிச்சு வரணும்."

"தவளையா?"

"ஆமா, தவளை. கை தரையில படக் கூடாது."

"சார் சொன்னாக, ஹேண்ட்ஸ் அப்! சார் சொன்னாக, ஃப்ராக் ஜம்ப்!"

கையைத் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு, அந்தச் சேற்றில் அதுகள் குதித்து வந்ததை நான் எண்ணினேன். ஒவ்வொரு தலையாக எண்ணினேன். ஒருவன் வழுக்கித் தள்ளாடினான். அவன் விழவில்லை. தாழ்வாரத்தில் ஏறியது இருபத்திரண்டு, கடைசியாக நீ. வகுப்பில் இருபத்துமூன்று.

பேச்சி கல்லின்மேலேயே இருந்தாள். தண்ணீர் அவளிடமிருந்து நாலடி. எல்லாரும் போய்விட்டார்களே என்ற அழுகையோடு ஒரு காலைக் கீழே இறக்கப் பார்த்தாள்.

"சார் சொன்னாக, சிட்!" என்றாய்.

"நாந்தான் அவுட்டாச்சே சார். எனக்குத்தான் ஆட்டம் இல்லையே" என்றாள். கால் இன்னும் இறங்கியது.

"இல்ல ஆத்தா, நீ அவுட் இல்ல. இப்ப நீ மட்டுந்தான் ஆட்டத்துல இருக்க. சார் சொன்னாக, சிட்! சார் சொன்னாக, லெக்ஸ் அப்!"

அவள் காலை மேலே இழுத்துக் கட்டிக்கொண்டாள். லைனை நிறுத்த, எதிர்ப்பக்க வாசல் வழியாக நான் டிரான்ஸ்பார்மரை நோக்கி ஓடினேன்.

இரண்டு பர்லாங் இருக்கும். பின்னாலிருந்து ஒரு கத்தல் வரப்போகிறது என்று பயந்துகொண்டே ஓடினேன். லைனை நிறுத்துகிற கைப்பிடியில் பூட்டு. கல்லால் அடித்தேன், மூன்றாவது அடியில் உடைந்தது. கைப்பிடியை இறக்கிய பிறகும் அதைவிட்டு வர முடியவில்லை. யாராவது வந்து திரும்ப ஏற்றிவிட்டால்? களையெடுத்துவிட்டு வந்த ஒரு அம்மாவை நிறுத்தி, "இங்கனயே நில்லுங்க, எவனையும் தொட விடாதீக" என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஓடினேன்.

நீ தாழ்வாரப் படியில் நின்றிருந்தாய். தொண்டை கட்டிப்போயிருந்தது. "சார் சொன்னாக, டச் யுவர் நோஸ். சார் சொன்னாக, டச் யுவர் இயர்ஸ்." தெரிந்த வார்த்தைகள் எல்லாம் தீர்ந்து மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாய். கன்னத்தில் தண்ணீர் வழிய வழிய அவள் மூக்கைத் தொட்டாள், காதைத் தொட்டாள்.

நான் போய் அவளைத் தூக்கினேன். என் தோளுக்கு மேலாக உன்னைப் பார்த்து, "சார், நான் ஜெயிச்சுட்டேனா?" என்று கேட்டாள். நீ அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாய்.

பிறகு ஊரே கூடியது. ஆட்டுக்காரி ஒரு பக்கம் அழுதாள். பிள்ளைகளைப் பெற்றவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "இவந்தான் காலைச் சேத்துக் குதிச்சு வரச் சொன்னான்" என்று எல்லாரிடமும் சொன்னாய். பொய் இல்லை. ஆனால் முழுசும் இல்லை. எனக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

சாயங்காலம் வாய்க்கால் பாலத்தில் உட்கார்ந்திருந்தோம். உன் கையில் டீ இருந்தது.

"நீ ஓடச் சொன்னியே மாப்ள" என்றாய். குற்றம் சொல்கிற குரல் இல்லை.

"ம்."

"பயந்துட்டியா?"

"ஆமாடா."

"நானுந்தான். நீ கத்துனதும் என் காலும் ஓடத்தான் பாத்துச்சு. பிள்ளைகளே நிக்கிதுகளேன்னு வெக்கப்பட்டு நின்னேன்." டீயைக் கீழே வைத்துவிட்டு, "ஒருவேளை நெசமாவே ஓட வேண்டியதா இருந்திருந்தா? அப்பவும் இதுக இப்படித்தானடா நின்னுருக்கும்?" என்றாய். அந்த ஆட்டத்தை நீ அதற்கப்புறம் ஆடவே இல்லை. காரணம் கேட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்றாய்.

நீ சொன்னதை வைத்துத் தலைமையாசிரியர் எனக்கு ஒரு சான்றுக் கடிதம் எழுதித் தந்தார். 'பதற்றப்படாமல் உரிய எச்சரிக்கை கொடுத்து' என்று அதில் ஒரு வரி. மின்வாரிய வேலைக்கான நேர்முகத்தில் அதிகாரி அந்த வரியைப் படித்துவிட்டு, "அப்ப நீ என்னய்யா சொன்ன?" என்று கேட்டார். "ரெண்டு காலையும் சேத்துவச்சுக் குதிக்கச் சொன்னேன் சார்" என்றேன். வேலை கிடைத்தது. உன்னிடம் அதைச் சொன்னபோது முதுகில் ஒரு தட்டு தட்டினாய், அவ்வளவுதான். உன்னை வைத்துக்கொண்டே ஒருநாள் தலைமையாசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். உனக்கு மஞ்சள் காமாலை வந்து, பன்னிரண்டே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது.

இன்று வேலை முடிந்து உத்தமபாளையத்தில் பஸ்ஸுக்கு நின்றேன். "அண்ணே, என்னத் தெரியுதா?" என்று ஒரு குரல். தாவணி போட்ட பிள்ளை, கையில் புத்தகப் பை. பேச்சி. எட்டாவது படிக்கிறாளாம். காலையில் ஏறிய வாசனை எனக்கு இன்னும் இறங்கவில்லை. நல்லாயிருக்கியா என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை.

"பேச்சி, அன்னிக்கு ஓடச் சொன்னது நாந்தான். தப்பாச் சொல்லிட்டேன்."

அவள் சங்கடமாகப் பையை மாற்றிப் பிடித்தாள். "தெரியும்ணே. எங்க எல்லாருக்குந்தான் கேட்டுச்சே."

இத்தனை வருஷமும், பிள்ளைகள் அதை ஆட்டமென்று மறந்திருக்கும், நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். "யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்லண்ணே. மறுநாளு சார் எங்கள வட்டமா உக்கார வச்சு, இத வெளிய மூச்சு விடக் கூடாதுன்னாக. அந்தண்ணனுக்கு வேலை கெடைக்கணும், நீங்கதான் பாத்துக்கணும்னாக. நான் எங்க ஆத்தாகிட்டகூடச் சொல்லல. ஒருத்தரும் சொல்லல." தூரத்தில் பஸ் தெரிந்தது. அவள் அதைப் பார்த்தபடியே கேட்டாள்: "சார்தான் இப்ப இல்லையே. இன்னமும் நாங்க சொல்லாமலே இருக்கணுமாண்ணே?"

எட்டு வயதுப் பிள்ளைகள், மாப்ள. இருபத்துமூன்று பேர். என் பயத்தை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாய். உன்மேல் கோபம் வந்தது. என்மேலும் வந்தது.

"சொல்லலாம். யாருகிட்ட வேணும்னாலும் சொல்லலாம்" என்றேன். அவள் முகத்திலிருந்து ஏதோ பாரம் இறங்கியது. பஸ் ஏறிப் போய்விட்டாள்.

நாளைக் காலை தலைமையாசிரியர் வீட்டுக்குப் போகிறேன். அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொல்லி, அதை என் அதிகாரியிடம் கொடுக்கப் போகிறேன். வேலை என்ன ஆகும் என்று தெரியவில்லை. போனால் ரீவைண்டிங் கடை இருக்கிறது. பயம் இன்னும் போகவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் என்னைவிட அதிக நேரம் அசையாமல் நின்றுவிட்டன. இனி அதுகள் நிற்க வேண்டியதில்லை.